மாடியில் நாடகம், அவலூர்பேட்டையில் சாவு

செஞ்சியில் எங்கள் நைனா மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு என்று எதுவானாலும் ஆள் வந்து கூப்பிடுவார்கள். வீட்டு முன் அறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகளும் சுருட்டிய ஒயர்களும்தான். வருகிறவர்கள் ஏதாவது ஒரு பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். அந்த வீட்டு மொட்டை மாடியில் நான் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். நான் வாழ்க்கைப்பட்டது பக்கத்துத் தெருவில்தான். ஆனால் அங்கே இடம் கிடையாது.

வீட்டுப்பாடம் முடிந்ததும் கொஞ்ச நேரம் கதை. என்னிடம் ஒரு பழைய புத்தகம் இருந்தது. உலகத்துப் பெரிய நாடகங்களைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதியது. ஒவ்வொரு கதையும் முடிந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகளுக்குக் கதை பிடிக்கும், கட்டம் பிடிக்காது. கட்டத்தைப் படிக்க ஆரம்பித்தாலே பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடச் சொல்லித் தலைமையாசிரியர் அம்மா என்னைக் கேட்டார். எந்தக் கதை என்று பிள்ளைகளிடமே விட்டேன். அவர்கள் எடுத்தது, அண்ணனைப் புதைத்த தங்கையின் கதை.

எங்கேயோ தூர தேசத்தில், ரொம்பப் பழைய காலத்தில் எழுதிய நாடகம் அது. அண்ணன் தம்பி இரண்டு பேர் சிம்மாசனத்துக்காகச் சண்டை போட்டு இரண்டு பேருமே சாகிறார்கள். அடுத்து அரசனாக வருகிறவர் அவர்களுடைய தாய்மாமன். ஒருவனுக்கு மரியாதையோடு சாவு எடுக்கிறார். இன்னொருவன் ஊர்மேல் படையெடுத்து வந்தவன் என்பதால், அவனை வெளியே அப்படியே போடச் சொல்கிறார். யாராவது புதைத்தால் மரண தண்டனை என்று தண்டோரா. செத்தவர்களின் தங்கை, ராத்திரியில் போய் அண்ணன்மேல் மண்ணை அள்ளிப் போடுகிறாள். பிடித்துக்கொண்டு வந்து கேட்டால், ஆமாம், நான்தான் போட்டேன் என்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போவது அந்த அரசனுடைய மகனைத்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. மாமன் மகனைக் கட்டிக்கொள்வது அவர்கள் பார்க்காததா. அவர்களுக்குத் தாங்காதது வேறு.

“தாய்மாமனா இருந்துக்கினா இப்படிப் பண்ணாரு?” என்றான் ஒருவன்.

“எங்க போட்டிருப்பாங்க அக்கா? கல்யாண மகால் பக்கமா, இல்ல அகழிக்கு அந்தாண்டையா?” என்று இன்னொருத்தி எழுந்து நின்று, அந்த இரண்டும் இருக்கிற செஞ்சிக் கோட்டையைப் பார்த்தாள். மாடியிலிருந்து மலை தெரியும். அவர்களுக்கு ராஜா என்றால் அந்த மலைமேல்தான் இருந்தாக வேண்டும்.

தங்கையாக நடிக்க ஒரு பெண் தானாக முன்வந்தாள். ஏழாவது படிக்கிறாள். அவளுடைய அத்தாவுக்குக் கடைத்தெருவில் பேன்சி ஸ்டோர். அவள் சொன்னாள்: “எங்கள்ல யார் மௌத்தானாலும் போய் ஆளுக்கு மூணு பிடி மண்ணு போடுவாங்க அக்கா. சண்டைக்காரங்களா இருந்தாலும் போடுவாங்க. ஆனா ஆம்பளைங்கதான் போவாங்க. இந்தக் கதைல பொம்பளப் புள்ள போவுதே, அதான் நான் நடிக்கறேன்.”

அரசனாக நடித்தவன் நல்ல உயரம். தண்ணீர்த் தொட்டி மேடைமேல் ஏறி நின்று ஆணை போடுவான். முதல் இரண்டு நாள் அவன் கத்திய கத்தலில் எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அம்மா துணி மடிக்கிற சாக்கில் மாடிக்கு வந்து உட்காருவாள். வழக்கமாக அவள் எங்கள் கதைகளைக் கவனிக்க மாட்டாள். இந்தக் கதைக்கு மட்டும் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் பிள்ளைகள் போன பிறகு கேட்டாள்.

“அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லியா?”

“முன்னமே செத்துப்போய்ட்டாங்கம்மா.”

“அதான்” என்றாள்.  துணிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எனக்குத் தெரியும் அவள் எதை நினைத்தாள் என்று. அம்மாவுக்கும் ஓர் அண்ணன். அவலூர்பேட்டையில் இருந்தார். சொந்த நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லுகிற வேர்க்கடலையும் வைப்பார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் என் கல்யாணத்தன்றிலிருந்து போக்குவரத்து இல்லை.

காரணம் என் கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடத்தில் மாமாவின் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்தில் நடந்த தவறு. நைனா பார்த்தபோது பாதிப் பத்திரிகையைக் கொடுத்து முடித்தாகிவிட்டது. ‘நேர்ல போய்ச் சொல்லிக்கலாம், நம்ம ஆளுதானே’ என்று இருந்துவிட்டார். நேரில் போகவும் இல்லை. கல்யாண வேலை அப்படி. முகூர்த்தம் முடிந்து மாமா சீர்த்தட்டோடு மேடைக்கு வந்தார். தட்டை என் காலடியில் வைத்துவிட்டு, திரும்பி நைனாவைப் பார்த்து, “என் தங்கச்சியக் கட்டிக்கினு போறப்ப என் பேரு ஞாபகம் இருந்துச்சு, இப்ப மறந்துபோச்சா?” என்றார். சாப்பிடாமல் இறங்கி நடந்தார். நைனா அப்போதுதான் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதற்காக மைக்கைக் கையில் எடுத்திருந்தார். அது ஆனில் இருந்தது. கோபத்தில் அவருக்கு அது தெரியவில்லை.

“போவட்டும். இனிமே அவன் வூட்டு நல்லதுக்கும் போமாட்டேன், கெட்டதுக்கும் போமாட்டேன். என் வூட்லேர்ந்து ஒருத்தரும் போவக்கூடாது.”

மண்டபம் முழுக்கக் கேட்டது. வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. மாமா அப்போது தெருவில்தான் நடந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா தன் அண்ணனைப் பார்க்கப் போகவில்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். ஒரு முறை கடைத்தெருவில் மாமா உர மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். அவர் பார்த்தாரா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

ஒத்திகை பாதி போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் என் போன் அடித்தது. மாமாவின் மகன்.

“அக்கா, எங்க நைனா போய்ட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குக்கூட கொண்டுபோவ முடில. அத்தைக்கு நீயே சொல்லிடு. எனக்கு அங்க போன் பண்ணப் பயமா இருக்குது.”

அம்மா வீட்டுக்கு நடந்தேன். பக்கத்துத் தெருதான், ஆனால் போய்ச் சேர வெகு நேரமானது போல இருந்தது. நைனா வாசலில் ஒரு விசேஷத்துக்காகப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் நின்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மாவின் கை அரிசித் தண்ணீருக்குள் அப்படியே நின்றது. நைனா ஒயரைக் கீழே வைத்தார்.

“எப்ப எடுக்கறாங்களாம்?”

“சாயங்காலம்.”

நைனா மறுபடியும் ஒயரை எடுத்துச் சுருட்டினார். அம்மா அரிசியை அடுப்பில் வைத்தாள். குழம்பைச் சூடு பண்ணினாள். சோறு வடித்து மூடி வைத்தாள். இந்த வேலை எல்லாம் முடிகிற வரைக்கும் அழவே இல்லை. அப்புறம் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“எங்க கெளம்பற?” என்றார் நைனா.

“எங்கண்ணனப் பாக்க.”

“நான் சொன்னது சொன்னதுதான். நீ பாட்டுக்குப் போனா—”

“சொல்ல வேண்டியத வந்து கேட்டுக்கறேன். இப்ப பஸ் போய்டும்” என்றாள் அம்மா.

கத்தவில்லை. எதிர்த்துப் பேசுகிற குரல்கூட இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுகிற குரல். நைனா வழியை மறிக்கவில்லை. விலகவும் இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் வாசலைத் தாண்டினோம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாலை வாங்கினோம், கோடித் துணி வாங்கினோம். மாலைக் கடைக்காரர் “எந்த ஊரு சாவும்மா?” என்று கேட்டபோதுதான் அம்மாவுக்கு வாய் கோணியது. “எங்க ஊரு” என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மடியில் இருந்த மாலையிலிருந்து பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. நான் பொறுக்கிப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

அவலூர்பேட்டையில் அவர்கள் தெரு முனையிலேயே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘வருத்தத்தில் வாடும்’ என்று போட்டு உறவுக்காரர்கள் பெயர் வரிசை. அதில் அம்மா பெயர் இருந்தது. அதற்கு முன்னால் நைனா பெயர். அம்மா அதை விரலால் தொட்டுப் படித்தாள். பேனர்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த மாமாவின் மகன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, “எல்லாரு பேரையும் போட்டுட்டேன் அத்தை. போடலாமில்ல?” என்றான். அம்மா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழ ஆரம்பித்தாள்.

வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் வருவதைப் பார்த்து எல்லோரும் நிறுத்தினார்கள். அத்தை, மாமாவின் மனைவி, கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்தபடி இருந்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அத்தை கையை நீட்டினார்.

“வந்துட்டியாடி. வரமாட்டன்னு இருந்தேன்டி. கேட்டுக்கினே இருந்தாரே உன்ன.”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழவர், அந்தப் பக்கத்து உறவு, அம்மாவிடம் வந்து, “உன் வூட்டுக்காரர் வரலியா?” என்று கேட்டார். நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“வரல” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். சாக்கும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. கிழவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே வேறு யாரோ மைக் செட் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கொரகொரவென்று இரைந்துகொண்டே இருந்தது. அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்த அம்மா மெதுவாக என்னிடம், “செட்டு சரியில்ல” என்றாள். “உங்க நைனா போட்டிருந்தா இப்படி எரையாது.” சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் வாயில் அரிசி போட்டாள். பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருக்கோடி வரைக்கும் போய் நின்றோம். பிறகு சாவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினோம்.

செஞ்சியில் இறங்கி வீட்டை நெருங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா நடையைக் குறைத்தாள். வீட்டில் என்ன காத்திருக்கிறதோ என்று எனக்கும்தான். கேட்டுக்கு வெளியே, தெருக்குழாய் ஓரத்தில், அகலமான பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு. கேட் கம்பியில் அம்மாவின் மாற்றுப் புடவை மடித்துத் தொங்கியது. சாவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் வரக்கூடாது.

அம்மா பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சொம்பை எடுத்து ஊற்றிக்கொண்டாள். நைனா உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து நைனாவுக்கு அம்மாவோடு பேச்சே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். கருமாதிக்கு அம்மா மறுபடி போனாள். அன்று அவரே பைக்கை எடுத்து, பின்னால் அவள் உட்காருகிற வரைக்கும் காத்திருந்து, பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தார். வழியிலும் பேசவில்லையாம்.

நான் ஒத்திகையை மறுபடி தொடங்கினேன். எனக்கு அந்தக் கதையைத் தொடவே கை வரவில்லை. ஆனால் விழா நெருங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சின்ன ஊரில் எது தெரியாது. தங்கையாக நடிக்கிற பெண் மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, நான் மண்ணு போடற இடத்துல அழணுமா, அழக்கூடாதா?” என்று கேட்டாள். அம்மா அரிசி களைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. “அழாத. வேலை மாதிரி செய்” என்றேன்.

அரசனாக நடிக்கிறவனுக்கு வேறு சந்தேகம். “ராஜா கெட்டவராக்கா? கெட்டவர்னா நான் மொறச்சிக்கினே நடிக்கணும்.”

ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அப்போது கீழே நைனா ஒரு ஆம்பிளிபயரைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். “கெட்டவர் இல்லப்பா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒண்ணைச் சொல்லிட்டாரு. இப்ப அதை வாபஸ் வாங்கினா ஊரு சிரிக்கும்னு பயம். அவருக்கே அது கஷ்டமாத்தான் இருக்குது. நீ அப்படி நடி.”

“அப்டின்னா கத்தக் கூடாது” என்றான் அவன்.

கடைசியில் கட்டத்துக்குள் இருந்த நீதி. நாடகம் முடிந்ததும் அதை ஒரு குழந்தை மைக்கில் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் அம்மா சொல்லியிருந்தார். புத்தகத்தில் இருந்தது இதுதான்: பெரியோர் சொல்லை மீறுவோர் துன்பம் அடைவர். அந்த வரியை ஒரு குழந்தை வாயில் கொடுக்க என்னால் முடியவில்லை. பிள்ளைகளையே கேட்டேன்.

“ராஜாவா இருந்தாலும் தப்புன்னு தெரிஞ்சா சீக்கிரம் ஒத்துக்கணும்.”

“அவளுக்குக் கூடப்பொறந்தவ ஒருத்தி இருந்தாளே, பயந்துக்கினு வரமாட்டேன்னாளே, அவளும் கூடப் போயிருக்கணும்.”

“செத்தவங்க மேல கோவப்பட்டு இன்னா பண்றது அக்கா. அவங்களுக்குத் தெரியவா போவுது?”

“ஒண்ணும் சொல்லாம அப்படியே ஸ்கிரீனை மூடிடலாமே” என்றான் அரசன்.

அதைத்தான் செய்தோம். தலைமையாசிரியர் அம்மாவிடம் போய், நீதி சொல்ல மாட்டோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெத்தவங்க கேப்பாங்களேம்மா” என்றார். அப்புறம் “சரி, கேக்கட்டும்” என்றார்.

ஆண்டு விழாவுக்கு எப்போதும் போல நைனாவின் செட்டுதான். மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்பிளிபயரோடு உட்கார்ந்திருந்தார். அம்மா பெண்கள் வரிசையில் இருந்தாள். தங்கை மண்ணை அள்ளிப் போட்டபோது மைதானத்தில் சத்தமே இல்லை. அவள் அழவில்லை. “நான்தான் போட்டேன்” என்று சொன்னபோது பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். அரசன் மனம் மாறி விடுவிக்கப் போவதற்குள் அவள் சாவதை, புத்தகத்தில் ஒரே வரியில், ‘அதற்குள் காலம் கடந்துவிட்டது’ என்று மழுப்பியிருந்தார்கள். நாங்கள் மழுப்பவில்லை. அவளும் செத்தாள், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த மகனும் செத்தான். அரசன் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். “நான் முன்னாடியே போயிருக்கணும்” என்றான். அப்படி ஒரு வசனம் நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஸ்கிரீன் மூடியது.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஆம்பிளிபயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒயர் சுருட்டும்போது அந்தப் பையனைக் கூப்பிட்டார். “நல்லாப் பண்ண. ஆனா கடைசில ஒண்ணு சொன்ன பாரு, அத மைக்குக் கிட்ட வந்து சொல்லியிருக்கணும். முன்னாடி இருந்த நாலு பேருக்குத்தான் கேட்டுது.”

“அது சோகமான சீனு தாத்தா. மெதுவாத்தான் சொல்லணும்.”

“மெதுவாச் சொல்லு. ஆனா கேக்கணும்” என்றார் நைனா.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒருநாள் மதியம் மாமாவின் மகன் எனக்குப் போன் செய்தான். “அக்கா, மாமா வந்துட்டுப் போறாரு” என்றான். எந்த மாமா என்று எனக்குப் புரியவில்லை. நைனாவைத்தான் சொன்னான். அவலூர்பேட்டையில் வேறு ஒரு வீட்டு விசேஷத்துக்குச் செட்டு போடப் போனவர், வேலை முடிந்ததும் வண்டியை அந்தத் தெருவுக்குத் திருப்பியிருக்கிறார். உள்ளே வந்து மாமா படத்துக்கு முன்னால் நின்றாராம். அத்தை தண்ணீர் கொடுத்தாராம். குடித்தாராம். ‘பத்திரிகைல விட்டுப்போனது என் தப்புதான்’ என்றாராம். அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னாராம்.

சாயங்காலம் வகுப்புக்குப் போனபோது அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அத்தையே போன் செய்து சொல்லியிருந்தார். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. நைனா வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் கல்யாணத்தன்றிலிருந்து அம்மா அடக்கிவைத்தது எல்லாம் அப்போது வந்தது.

“உயிரோட இருக்கச்ச போயிருக்கலாமில்ல? இதே வண்டிதான இருந்துச்சு? இதே ரோடுதான? இப்ப போட்டோவாண்ட போய்ச் சொன்னா அவனுக்குக் கேக்குமா?”

நைனா நின்ற இடத்திலேயே நின்றார். மாடியில் பிள்ளைகள் வந்துவிட்டிருந்தார்கள், காலடிச் சத்தம் கேட்டது.

“கேக்காது” என்றார். “தெரியும்.”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மாடிக்குப் போய்விட்டேன். அன்று பிள்ளைகள் யாரும் சாகாத நாடகம் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். தேடி எடுத்துப் படித்தேன், என்ன படித்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் அவலூர்பேட்டைக்குப் போகிறார்கள். அத்தைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வீட்டில் நைனா நன்றாகவே பேசுகிறார், மாமாவின் மகனுக்குக் கல்யாணம் பேசுவதில்கூட முன்னால் நிற்கிறார். அண்ணன் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது மட்டும் அம்மா அவரோடு வண்டியில் ஏற மாட்டாள். பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லிவிடுவாள். அவர் ஏன் என்று கேட்பதில்லை. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவார்.